இறங்க வேண்டிய முக்கு

அக்ரா பேருந்து நிலையத்தில் என் மீன் பொரிக்கும் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பு அக்கோர்ஃபாவுடையது. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. கடன் சொல்லும் டிரைவரை நிற்கவைத்துக் கிழிப்பாள். அவர்களில் ஒருவனைத்தான் கட்டிக்கொண்டாள், லாகோஸ் பேருந்து ஓட்டிய எலிக்கெமை. விமானம் என்றாலே அவனுக்கு இளக்காரம். "ஒரு மணி நேரம்கூட இல்லையாமே! பெல்ட்டை மாட்டறதுக்குள்ள இறக்கிவிட்டா அது ஒரு பயணமாடி?" என்பான். லாகோஸுக்குச் சாலை வழியே போனால் மூன்று நாட்டு எல்லை தாண்ட வேண்டும். ஒரு பகல் முழுக்க ஆகும்.

அந்த எலிக்கெம் லாகோஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அவன் அண்ணன் செனானு வசதிக்காரன். உடலை விமானத்தில் கொண்டுவந்துவிட்டான்.

வெளியூரில் செத்தவனைக் கொண்டுவரும்போது ஒவ்வொரு எல்லையிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். கூப்பிடாவிட்டால் உடல் மட்டும்தான் வந்து சேரும்.

"கூப்பிட்டீங்களா மாமா?" என்று அக்கோர்ஃபா கேட்டாள்.

"மேகத்துக்குள்ள எல்லை எங்கம்மா தெரியுது? டீ குடிச்சு முடிக்கல, தரை வந்துடுச்சு" என்றான் அந்த மகா புத்திசாலி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எண்ணெய்க் கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

எலிக்கெமை அவன் சொந்த ஊரான அன்லோகாவில் புதைத்தோம். அடுத்த வாரமே டிரைவர்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை விழுங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒருவன் சொல்லிவிட்டான்.

"லாகோஸ் தாண்டி முதல் எல்லையில நம்ம எலிக்கெம் நிக்கறாரு. ஏத்திக்கச் சொல்லிக் கை காட்டறாரு. பயந்துபோய் நிறுத்தாம வந்துட்டேன்."

அக்கோர்ஃபா அடுப்பை அணைத்தாள். "அக்கா, கூட வரியா?"

லாகோஸ் போய், திரும்பும் பேருந்தில் எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டோம். முதல் எல்லையில் அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"எலிக்கெம், எல்லை தாண்டுறோம். எழுந்து வா."

பேருந்து நகர்ந்தது. நடு இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், டீசலும் வியர்வையும் கலந்த அவன் வாசனை வந்தது. இரண்டாவது எல்லையிலும் கூப்பிட்டாள். மூன்றாவதிலும் கூப்பிட்டாள்.

பிறகு அன்லோகாவுக்குப் பிரியும் முக்கு வந்தது. அங்கே, "உன் ஊர் வந்துடுச்சு, இறங்கிக்கோ" என்று வழியனுப்ப வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பிறகு சொன்னாலும் செத்தவர் காதில் ஏறாது. அதற்குத்தானே இவ்வளவு தூரம் போனோம்! அவள் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். என் வாயைப் பொத்திவிட்டாள்.

"வேணாங்க்கா. இவரை மண்ணுக்கு எதுக்குக் குடுக்கணும்? நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அடிப்பாவி, செத்தவனோட குடித்தனம் பண்ணுவியாடி?"

அதற்குள் முக்கு பின்னால் போய்விட்டது.

இப்போது அவள் வீட்டில் இரண்டு தட்டு வைக்கிறாள். கடையில் ஒரு டிரைவரைக்கூடத் திட்டுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். நேற்று மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதாள்.

"சாப்பிட மாட்டேங்கறாருக்கா. படுக்கவும் மாட்டேங்கறாரு. கதவுப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. செருப்பைக் கழட்டுங்கன்னா, 'இரு, நான் இறங்கற எடம் இன்னும் வரலியே'ங்கறாரு."