கடைசிப் பக்கத்தில் ஒட்டிய டேட் ஸ்லிப்

1. எல்லயில இருந்து வந்த பெட்டி

"இதெல்லாம் மிஸ்பிரிண்ட். கழிச்சு விட்டுருங்க." நூலகர் மிஸ் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு இப்படிச் சொன்னதும் நான் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கிட்டேன். பதுளைப் பக்கம் ஒரு சின்னப் பொது நூலகத்துல உதவியாளரா இருந்து, போன வருஷந்தான் நான் பென்ஷன்ல வந்தேன். இது அதுக்குக் கொஞ்சம் முந்தி நடந்த கதை. இப்ப நூலக வேலைக்கு வர்ற பிள்ளைகள் படிக்கட்டும்னுதான் எழுதுறேன். என் மானம் போன விஷயம், இருந்தாலும் பரவாயில்ல.

எல்லங்கிற டூரிஸ்ட் ஊர்ல கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஒருத்தர், வெள்ளைக்காரங்க அறையில விட்டுட்டுப் போற புத்தகங்களைக் கட்டி எங்களுக்கு அனுப்புவாரு. அந்தத் தடவை பெட்டியில நாலு வால்யூம் மங்கா இருந்துச்சு. ஜப்பான்காரங்க காமிக்ஸ், இங்கிலீஷ்ல போட்டது. தலைப்பு இருக்கிற அட்டை பின்பக்கம் இருந்துச்சு, பக்க நம்பர் கடைசியில இருந்து தொடங்கிச்சு. மிஸ் மிஸ்பிரிண்ட்டுன்னு சொன்னதுல தப்பே இல்ல.

ஆனா நான் காமிக்ஸ் பைத்தியம். பண்டாரவளையில படிச்ச காலத்துல, வாடகைக்கு எடுத்த காமிக்ஸைக் கணக்குக் கொப்பிக்குள்ள வச்சுப் படிச்சு வாத்தியார்கிட்ட அடி வாங்கினவன். அத்தனை படக்கதை படிச்ச எனக்குத் தெரியாத காமிக்ஸா உலகத்துல இருக்குங்கிற திமிரு வேற. ரெண்டு நாள் டைம் கேட்டு நாலையும் வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சேன். ஒரு மண்ணும் விளங்கல. ஒருத்தி அழுவுறா, அப்புறம் பஸ்ஸுல வர்றா, அப்புறம் வேலை செய்யுறா. விளங்கலன்னு ஒத்துக்க மனசு வருமா? மிஸ்கிட்ட போய், "இது மாடர்ன் ஸ்டைல் மிஸ். கதை முடிவுல தொடங்கி ஆரம்பத்துக்குப் போகும்"னு அடிச்சு விட்டேன். மிஸ் நம்பிட்டாங்க. 'பின்னோக்கிச் செல்லும் புதுமையான கதை உத்தி'ன்னு ஒரு அட்டையில எழுதி புத்தக ராக்கையில வேற தொங்க விட்டேன்.

2. பிள்ளை எப்படி சின்னதாகும்?

அந்த நாலு வால்யூமையும் முதல்ல எடுத்தது ராணி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, பிள்ளைக்காம்பராவுல வேலை. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போறப்ப கைப்பிள்ளைகளை விட்டுட்டுப் போற இடம் அது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா டவுனுக்கு வர்றப்ப எங்ககிட்டயும் எட்டிப் பார்க்கும். இங்கிலீஷ் அவ்வளவா வராது, படம் பார்க்கத்தான் எடுத்துச்சு.

அடுத்த தடவை வந்து நாலையும் கவுண்டர்ல வச்சுச்சு. "சார், நீங்க அட்டையில எழுதினது பிழையா இருக்குமோ?"ன்னு மெல்லக் கேட்டுச்சு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "எது பிழை?"

"பிள்ளை எப்படி சார் பெரிசுல இருந்து சின்னதாகும்? இங்க பல்லு விழுந்திருக்கு, நீங்க சொல்ற மாதிரி திருப்பினா பல்லு மறுபடி வந்துருது. நான் நாள் பூரா பிள்ளைகளோட இருக்கிறவ. வலது பக்கம் இருந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கு."

கவுண்டர்லயே நின்னு வலது பக்கம் இருந்து திருப்பினேன். ஒரு தாய் கைப்பிள்ளையைத் தங்கச்சிகிட்ட விட்டுட்டு தூரத்து டவுனுக்கு வேலைக்குப் போறா. பிள்ளை தவழுது, நடக்குது, பள்ளிக்கூடம் போகுது. வருஷங்கழிச்சு தாய் பஸ்ஸுல திரும்பி வர்றா. எவ்வளவு நேரான கதை. நான் நாலு வால்யூமையும் தலைகீழாப் படிச்சுட்டு அதுக்கு உத்தின்னு பேரு வச்சிருக்கேன். சில மங்காவுல, நீங்க தப்பான பக்கத்துல தொடங்குறீங்கன்னு எச்சரிக்கையே அச்சடிச்சிருப்பாங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த நாலுல அந்தப் புண்ணியமும் இல்ல.

வெக்கக்கேடு அதோட நிக்கல. "கதை முடியலையே சார். அம்மா வாசல் வரைக்கும் வருது. அடுத்த பக்கத்துல உங்க ஸ்லிப்புதான் இருக்கு"ன்னு ராணி சொல்லிச்சு.

புத்தகம் திருப்பித் தர வேண்டிய திகதியைச் சீல் அடிக்கிற தாளைத்தான் டேட் ஸ்லிப்னு சொல்றது. அட்டையைத் திறந்த உடனே வர்ற பக்கத்துல ஒட்டுறது எங்க வழக்கம். மத்தவங்க மேல் விளிம்புல மட்டும் பசை தடவுவாங்க. நான் தாள் பூரா தடவி ஒட்டுவேன். நான் ஒட்டின ஸ்லிப் ஒண்ணுகூட கழண்டதில்லன்னு பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சவன். நாம திறக்கிற முதல் பக்கம் மங்காவுக்குக் கடைசிப் பக்கம். நாலாவது வால்யூமோட முடிவு மேலயே பக்கத்து அளவுக்கு ஸ்லிப்பை ஒட்டி வச்சிருக்கேன்.

"அதுல என்ன படம் சார் இருந்துச்சு?"

யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். ஒரு வாசல். ஆள் நின்ன மாதிரி. ஒருத்தரா, ரெண்டு பேரா? சத்தியமா ஞாபகம் இல்ல. வீட்டுல முதல் பக்கந்தானேன்னு வேகமாத் திருப்பினவன், பசைத் தூரிகையைக் கையில பிடிச்சப்ப மட்டும் படத்தை எங்க பார்த்தேன்?

ராணி முகம் விழுந்துபோச்சு. அப்புறந்தான் தன் கதையைச் சொல்லிச்சு. ஆறு வருஷம் குவைத்துல வீட்டு வேலை. போறப்ப மகள் தர்ஷினிக்குப் பால்குடி மறக்கல. தங்கச்சிதான் வளர்த்துச்சு, பிள்ளை தங்கச்சியைத்தான் அம்மான்னு கூப்பிடுது. ராணி திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. "என்னைய ஒண்ணுமே கூப்பிடாது சார். எது வேணும்னாலும் 'இங்க பாருங்க'ன்னுதான் பேச்சைத் தொடங்கும். அந்தப் படத்துல பிள்ளை அம்மாகிட்ட வந்துச்சா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

3. கேத்தல் ஆவி

மிஸ்கிட்ட போய் என் மண்டைக்கனத்தையும் சேர்த்து உள்ளதை ஒத்துக்கிட்டேன். சிரிப்பாங்கன்னு பார்த்தா சிரிக்கல. ஸ்லிப்பைக் கழட்டச் சம்மதிச்சாங்க. பக்கம் கிழிஞ்சா புத்தகத்தைக் கழிச்சுத்தான் ஆகணும், நான் விளக்கக் கடிதம் எழுதித் தரணும்னும் சொன்னாங்க.

எதிர்த்தாப்புல நஸீர் நானாவோட தேத்தண்ணிக் கடை. அங்க தண்ணி கொதிக்கிற கேத்தல் ஆவியில பக்கத்தைப் பிடிச்சு, இளகின இடத்துல இரும்பு ஸ்கேலை நுழைச்சு, மயிரிழை மயிரிழையா நகர்த்தினேன். இவ்வளவு கெட்டியா ஒட்டின கையை அன்னைக்குத்தான் முதல் தடவையா திட்டினேன். நானா புத்தகத்தை எட்டிப் பார்த்துட்டு, "எங்க அரபுக் கிதாபெல்லாம் இந்தப் பக்கந்தானே திறக்கும். ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமே"ன்னாரு. இத்தனை வருஷம் அவர் கடையில தேத்தண்ணி குடிச்சிருக்கேன், கேக்கத் தோணலையே. ராணி பக்கத்துலயே நின்னுச்சு. அது போக வேண்டிய பசறை பஸ் ஒண்ணு போயிருச்சு, அதைக்கூடக் கவனிக்கல.

மேல் மூலையில வானம் கொஞ்சம் உரிஞ்சு வந்துச்சு. மத்தபடி படம் பிழைச்சிருச்சு.

எழுத்தே இல்லாத படம். வாசல்ல பையோட தாய் நிக்கிறா. பிள்ளை உள்ள போகத் திரும்பிருச்சு, முதுகுதான் தெரியுது. ஆனா ஒரு கை மட்டும் பின்னால நீண்டு, தாயோட பைப்பிடியைப் பிடிச்சிருக்கு.

ராணி ரொம்ப நேரம் பார்த்துச்சு. "திரும்பிப் பார்க்கல," அப்படின்னுச்சு. அப்புறம், "ஆனா பையை வாங்கிருச்சு சார்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, மறைக்க மாட்டேன்.

ராக்கையில தொங்கின அந்த 'உத்தி' அட்டையைக் கிழிச்சுப் போட்டேன். மத்த மூணு ஸ்லிப்பையும் அடுத்த நாளே கழட்டினேன். அதுக்கப்புறம் புத்தகத்தை முழுசாப் பார்க்காம பசையைத் தொட்டதில்ல. இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்ல இருக்கிறது அவ்வளவுதான். பென்ஷன்ல வந்த பிறகு இப்ப மங்கா, கிராஃபிக் நாவல்னு கையில கிடைச்சதையெல்லாம் படிக்கிறேன். நேத்து ஒண்ணு படிச்சேன், எட்டுப் பக்கத்துக்கு ஒரு ஆள் சோறு ஆக்குறான், வேற ஒண்ணும் நடக்கல. முந்தி இருந்த திமிருல இதையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பேன். இப்ப அடுப்பு எரியுறதையும் நின்னு பார்க்கத் தெரியுது.

ராணி அதுக்கப்புறம் ஒரு தடவை தர்ஷினியைக் கூட்டிட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் ஜன்னலோரம் கிடந்த நீட்டு வாங்குல உட்கார்ந்தாங்க, நடுவுல ஒரு ஆள் உட்காரலாம். பிள்ளை முதலாவது வால்யூமை எடுத்து, எல்லாரையும் போல இடது பக்கமே திறந்துச்சு. நான் கவுண்டர்ல புத்தகம் அடுக்குற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு இருந்தேன்.

"அது முடிவு. இந்தப் பக்கம் இருந்து பாரு"ன்னு ராணி திருப்பிக் கொடுத்துச்சு.

பிள்ளை படத்துலயே கண்ணு. நிமிரக்கூட இல்ல.

"சரிம்மா."

சொன்னது பிள்ளைக்கே தெரியாது, அது பாட்டுக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பிருச்சு. ராணி அசையாம உட்கார்ந்திருந்து, மெதுவா என் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. எனக்கும் கேட்டுச்சுன்னு தலையை ஆட்டினேன்.