மஞ்சள் துணியில் ஒரு சூரியன்

எண்பதுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். வகுப்பறை அலங்காரப் போட்டி வந்துவிட்டால் ஆசிரியர் அறையில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். எல்லாரும் மணிலா அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, வானத்தைக் காட்டும் ஒரு சின்னப் போர்வையைப் பின்சுவரில் மாட்டுவோம் என்றேன்.

"போர்வையா? பிள்ளைங்களைத் தூங்க வைக்கப் போறீங்களா டீச்சர்?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் கிண்டலடித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் வீட்டிலிருந்து உதவாத துணிகளைக் கொண்டுவந்தார்கள். சாயம் போன நீலப் பினஃபோர் சீருடைகள் வானமாயின. கிழிந்த பள்ளிச் சட்டைகள் மேகமாயின. பூப்போட்ட ஒரு பாத்திக் கைலியில் பட்டங்கள் வெட்டினோம். சூரியனுக்குத்தான் மஞ்சள் துணி அகப்படவில்லை. மறுநாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கைக்குட்டை அளவில் ஒரு மஞ்சள் துணியை நீட்டினாள். நடுவில் கசங்கியிருந்தது, மஞ்சள் வாசனையும் அடித்தது.

"சாமி துணி மாதிரி இருக்கே. வீட்டுல தேட மாட்டாங்களா?"

"இல்ல டீச்சர், இனிமே அது வேணாம்," என்றாள் சிரித்த முகமாக.

ஏதோ பூஜையில் மிஞ்சியதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மூலைகளையும் வெட்டி வட்டமாக்கி, உள்ளே பஞ்சு வைத்து, பொடித் தையலாகத் தைத்தேன். சூரியன் உப்பிக்கொண்டு ஜம்மென்று நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், பள்ளி விடும் நேரத்தில், அவளுடைய அம்மா வந்தார். அவருக்குப் பக்கத்து ஊரான மேருவில் தொழிற்சாலை வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். நேரே பின்சுவருக்குப் போய் நின்றார். உள்ளங்கையில் ஒரு காசு இருந்தது.

"டீச்சர், இது அவருக்காக வேண்டிக்கிட்டு நான் காசு முடிஞ்சு வச்ச துணி. சாமி மேடையில இப்ப வெறும் காசுதான் கெடக்குது."

அவர் கணவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேறிவிட்டார் என்றுதான் மகள் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் பலிக்கும் முன் முடிச்சை அவிழ்ப்பதென்றால் நம் ஜனங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். நானோ அதைக் கத்தரியே போட்டுவிட்டேன்.

அம்மா மகள் பக்கம் திரும்பினார். "யாரக் கேட்டுடி அவுத்த?"

"அப்பாவுக்கு நல்லாயிருச்சுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. நல்லாயிட்டா முடிச்ச அவுத்துரலாம்னும் சொன்னீங்க. காசைச் சாமிகிட்டயே வச்சிட்டேன்."

"அவரு இன்னும் கண்ணே தொறக்கலடி."

சொன்ன கையோடு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பிள்ளையின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். இத்தனை நாளும் இவளைத் தூங்கவைக்கச் சொன்ன பொய் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அழவில்லை. அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவுமில்லை.

"டீச்சர், கத்தரிக்கோல் எடுங்க," என்றாள்.

பத்து வயதுப் பிள்ளை என்னை ஏவியது. நான் ஓடினேன்.

போர்வையை மேசையில் கிடத்தித் தையலைப் பிரித்தேன். பொடித் தையல் போட்ட என் சாமர்த்தியத்தில் இடி விழ, லேசில் பிரிந்து வரவில்லை. ஒருவழியாகக் கைக்கு வந்த துணியின் விளிம்பெல்லாம் ஊசித் துளைகள். அம்மா காசை நடுவில் வைத்து முடிந்தார். மூலை இல்லாத துணியில் முடிச்சு நிற்குமா? காசு நழுவி மேசையில் விழுந்தது. மறுபடி முடிந்தார், மறுபடி விழுந்தது.

சிறுமி தன் விரலை முடிச்சின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"இறுக்கிக் கட்டுங்கம்மா," என்றாள். "இன்னும் இறுக்கி."