சாங்வி வீட்டின் நாமினி

"விட்டுக்கொடுப்பவர்: ரமா சங்கரன், வயது நாற்பத்தேழு, திருமணமாகிக் கணவர் வீட்டில் நலமாக வசிப்பவர், தகப்பனார் சொத்தில் நாட்டமில்லாதவர்."

ஹக்கசோட் பத்திரம் அப்படித்தான் சொன்னது. கூடப்பிறந்தவனுக்காகப் பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் தாள் அது. புனேயில் பத்திரம் எழுதுகிறவர்களிடம் அதற்கு ஒரே வாசகம்தான்; கல்யாணமாகாத அக்கா என்றொரு பிராணி உண்டென்று அவர்கள் கேள்விப்பட்டதில்லை போலும். ரமாவுக்குக் கணவர் கிடையாது. இருந்தது சாங்வியில் அப்பாவின் ஃபிளாட். அதைத்தான் தம்பி ஜெயந்த் கேட்டான்.

புனேயின் கேம்ப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக க்ளெய்ம் பார்ப்பவள் ரமா. நாமினி பெயர் சரியாக இருந்தால் செக் போய்விடும். அந்த செக்குக்காக வெளியே யார் யார் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது அவள் மேஜைக்கு வராத சங்கதி. எனவே 1998இல் அப்பா சங்கரன், "உயில் ஒண்ணு எழுதிடறேன்மா, எனக்கப்புறம் வீடு உனக்குத்தான்" என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"வக்கீல், சாட்சி, அலைச்சல்... எதுக்குப்பா? ஃபிளாட் சொசைட்டி ஃபாரத்துல என்னை நாமினியாப் போடுங்கோ. தீர்ந்தது."

"நிச்சயமாத் தெரியுமோன்னோ?"

"என்கிட்டயா கேக்கறேள்?"

போட்டார். அஞ்சு வருஷம் நிம்மதியாகத் தூங்கினார். போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றப் போனபோது சொசைட்டி செக்ரட்டரி மராத்தியில் பொறுமையாக விளக்கினார். நாமினி என்றால் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பவர், அவ்வளவுதான். உயில் இல்லாததால் வீடு வாரிசுகளுக்கு. அம்மா முன்பே போய்விட்டதால் அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி.

ஞாயிற்றுக்கிழமை, ஔந்தில் மனைவி ஸ்நேஹாவோடும் பசங்களோடும் இருக்கும் ஜெயந்த் வந்தான்.

"அக்கா, பேப்பர் என் பேர்ல இருக்கட்டும். ரெண்டு பேர்னா விக்கறச்சே ஒரே ஜஞ்சட், தொந்தரவு."

"விக்கப் போறியாடா?"

அவன் காபியை ஆற்றினான். "நீ எங்களோட இரேன். பசங்க ரூம்ல ஒரு கட்டில் போட்டா ஆச்சு. ஸ்நேஹாவும் ஒத்துண்டுட்டா."

"ஒத்துண்டாளா! எத்தனை நாள் ஆச்சு அதுக்கு?"

அவன் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து வைத்தான்.

முடியாது என்று ஒரு வார்த்தை போதும்; சட்டம் அவள் பக்கம். வாயில்லாப் பூச்சியும் இல்லை அவள். ஆபீசில் ஏஜெண்டுகள் அவளைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் சண்டைக்கு நிற்க, நமக்கு அநியாயம் நடந்தது என்ற எண்ணமாவது வேண்டும். நடந்த அநியாயத்தைச் செய்தவள் அவள்தான். அப்பா பேனாவைத் திறந்திருந்தார், இவள் மூடி வைத்தாள். இதற்கு யார்மேல் வழக்குப் போடுவது? மிச்சமிருக்கும் ஒரே உறவையும் எதிராளியாக்கிக்கொண்டு, பாதி வீட்டில் உட்கார்ந்து யாரோடு பேசுவது?

2004 ஜூனில் ரமா பத்திரத்தின் பதினொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தன் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தாள். தீபாவளிக்குள் வீட்டைக் காலி செய்தாள்.