முழுப்பேரும் அரைப்பேரும்

மனித வாழ்க்கையை எத்தனை பருவங்களாகப் பிரிக்கலாம் என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புத்தகங்களில் சிலவற்றைப் படித்தேன். இலங்கையில் கஹவத்தைக்கு மேலே நான் பெரிய கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. தொட்டில் வயதில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா. கை கொழுந்துக்கு எட்டியதும் அரைப்பேர். உடம்பு முற்றியதும் முழுப்பேர். தளர்ந்ததும் மறுபடி அரைப்பேர். அதற்குப் பிறகு ஒரு மனிதனை எங்கே வைப்பது என்று எங்கள் விதிகள் யோசிக்கவில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு ஆளின் ஒரு நாள் வேலை. அதற்கான கூலியும் அதுதான். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் வாசிக்கும்போது முழுப்பேர்க்காரர்கள் மேல் வரிசையில் நிற்பார்கள். அரைப்பேருக்குக் கீழ் வரிசை. அதில் நின்றவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்.

தேயிலைச் செடியின் தலையை வெட்டி மட்டம் செய்வதற்குக் கவ்வாத்து என்று பெயர். அதில் தேர்ந்த ஒருவருக்கு வயதாகிக் கை நடுங்கத் தொடங்கியது. வெட்டிய கிளையெல்லாம் பிளந்து நின்றது. தோட்டத்தை நிர்வகித்த துரை பார்த்தார், கத்தியை வாங்கச் சொன்னார், அரைப்பேரில் போடச் சொன்னார். நடைமுறையில் ஒரு குறையும் கிடையாது.

மறுநாள் அவர் வழக்கம்போல மேல் வரிசையில் போய் நின்றார். கீழ் வரிசையில் அவர் பெயரை வாசித்தபோது வாய் திறக்கவில்லை. பதில் சொல்லாத ஆள் வரவில்லை என்பது விதி. எதிரே மலைபோல நின்ற மனிதரை வரவில்லை என்று பதிந்தோம். அதற்கடுத்த நாளும் அப்படியே. இனியும் வராவிட்டால் பேரை வெட்டி, குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி செய்யச் சொல்லும்படி துரை உத்தரவிட்டார்.

அன்று மாலை அவருடைய மனைவி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, அவுகளுக்கு முழுப்பேரே போட்டுருங்க."

"யாருக்கு?"

புருஷன் பெயரை அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். யாருக்காக என்று கேட்காமல் மனுவை ஏற்கக்கூடாது என்பதும் தெரியும்.

"கவ்வாத்துக் கத்திய வாங்கி வச்சிக்கிட்டீங்களே, அவுகளுக்குத்தான்."

பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை சிரித்தார். "பேரச் சொல்லமாட்ட, பேரு மட்டும் முழுசா வேணுமாக்கும்!"

அவள் சிரிக்கவில்லை. "முடியாதுன்னா எனக்கும் அரைப்பேர் போடுங்க."

"ஒனக்கென்ன நோவு? கூடை நெறையக் கொழுந்து கொண்டாறியே," என்றார் அவர்.

"அவுக புள்ளைங்களோட தனியா நிக்க வெக்கப்படுறாங்க. நான் பக்கத்துல நின்னா பதில் சொல்லுவாங்க."

"எறங்கினா மறுபடி ஏற முடியாது. தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும்ங்க."

எங்கள் விதிப்படி ஒருவர் கீழே இறங்க மூன்று வழிகள்: முதுமை, நோய், தண்டனை. கேட்டு இறங்குவதற்கு வழியில்லை. முதுமை என்று எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தில் அவளைவிட வேகமாகக் கொழுந்து எடுத்தவர்கள் குறைவு. துரை தலை நிமிராமல் கையெழுத்திட்டார்.

முதுமையை இரண்டாம் குழந்தைப்பருவம் என்று சொல்பவர்கள் புத்தகங்களிலும் உண்டு. துரையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முதன்முதலாக அரைப்பேர் கிடைத்த பிள்ளை லயம் முழுவதும் ஓடிப் போய்ச் சொல்லும். அதன் கை இனிமேல்தான் வரப்போகிறது. இவருடைய கை வந்து, மலைமலையாக வெட்டி, போய்விட்டது. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தியதைத்தான் நாங்கள் ஒழுங்கு என்று அழைத்தோம்.

மறுநாள் காலை மூடுபனியில் அவள் கீழ் வரிசையில் போய் நின்றாள்.

"ஆயா, வரிசை மாறிப்போச்சு!" என்று ஒரு சிறுமி கத்தினாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் புருஷன் மேல் வரிசையிலிருந்து பார்த்துவிட்டார். "ஏ புள்ள, அங்க என்னா பண்ற? ஏறி வா!"

"எம்பேரு இங்கதான். ஒங்க பேரும் இங்கதான். வாங்க."

"ஒனக்குப் பைத்தியமா?"

"ஆமா. எறங்கி வாங்க."

அவர் இறங்கி வந்து, அவளைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் நின்றார். கணக்கப்பிள்ளை அவர் பெயரை வாசித்தார்.

"இருக்கேன்."

களத்தின் மறுமுனைக்குக் கேட்கும்படி சொல்லாதவர்களை விரட்டுவது கணக்கப்பிள்ளையின் வழக்கம். அன்று விரட்டவில்லை. அடுத்ததாக அவள் பெயரை வாசித்தார்.