நெருப்பு இல்லாத வீட்டுக்கு வந்த சிவப்பு வண்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மொன்றியலில், சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது. ஜெபமாலை மாதம் என்பதால் எங்கள் பங்குக் கோவிலின் மாதா சுரூபம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கள் முறை. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலையில் இருக்கிறேன். ஞாயிறு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கெஞ்சித்தான் எடுத்திருந்தேன். வந்த சனத்தின் செருப்பும் சப்பாத்தும் வாசலில் இடமில்லாமல் படிக்கட்டு வரைக்கும் கிடந்தன.

ஜெபமாலை முடிந்து சாப்பாடு பரிமாறும்போது, கையில் கோப்பையுடன் நின்ற என் கணவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஓடிவந்து பார்த்தால் மூச்சு இல்லை. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது. கோபத்தைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வாயில் தண்ணீர் விடச் சொன்னார். இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். கணவரின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், எங்கள் சனத்துக்குள் பெரிய மனிதர், எல்லாரையும் கையமர்த்திவிட்டு டொரன்டோவில் இருக்கும் தன் டொக்டர் மருமகனுக்குப் போன் போட்டார். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. யாருக்கு என்ன வந்தாலும் முதலில் சொந்தத்தில் ஒரு டொக்டரைத் தேட வேண்டும். அந்த மருமகன் பல் டொக்டர். அவரும் போனை எடுக்கவில்லை.

நல்ல வேளை, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் யாரையும் கேட்காமல் அவசர உதவிக்கு 911-ஐ அடித்துவிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நிலத்தில் வைத்து, அவர்கள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அப்பாவின் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கத் தொடங்கினாள்.

"பிள்ளை, உப்பிடி அமத்தாதை, நெஞ்செலும்பு முறிஞ்சிடும்!" என்று அத்தான் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தார். நான் அவருடைய கையைத் தட்டிவிட்டேன். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவருக்கு முன்னால் குரல்கூட உயர்த்தாதவள் நான்.

கொஞ்ச நேரத்தில் கீழே சைரன் சத்தம் கேட்டது. அத்தான் பல்கணியால் எட்டிப் பார்த்தார். "என்னடா இது, நெருப்பணைக்கிற வண்டி வந்து நிக்குது! நாங்கள் கேட்டது அம்புலன்ஸ் எல்லே!" என்று கத்திக்கொண்டு கீழே ஓடினார். கதவைத் திறந்துவிடத்தான் போகிறார் என்று நம்பினேன். நேரம் போனது. யாரும் மேலே வரவில்லை. பொறுக்க முடியாமல் நான் படிக்கட்டுக்கு ஓடிக் கைப்பிடியால் குனிந்து பார்த்தேன்.

கட்டடத்துக் கதவைப் பாதி திறந்து காலால் தடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து மறித்தபடி நின்றார் மனிதர். "நோ பயர்! நோ பயர்! அம்புலன்ஸ்!" என்கிறார். வெளியே நின்ற தீயணைப்பு வீரர்கள் பிரெஞ்சில் ஏதோ சொல்கிறார்கள். இவருக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் விலகத் தெரியாதா? என் கணவர் மேலே செத்துக்கொண்டிருக்கிறார், இவர் கீழே நின்று வண்டியின் நிறம் சரியில்லை என்று வழக்காடுகிறார்!

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, "இசி! இசி!", இங்கே, இங்கே என்று அடித்தொண்டையால் கத்தினேன். முன்னால் நின்றவள் ஒரு பெண். அத்தானைத் தோளால் ஒதுக்கிவிட்டு, இரண்டு கையிலும் பைகளோடு படியேறி ஓடிவந்தாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் மூச்சிரைக்க வந்த அத்தான் அப்போதும் விடவில்லை. "மாதா நிக்கிற வீடு, சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ!"

அந்தப் பெண் மகளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். மகளின் கைக்கு மேலே கைவைத்து மெதுவாக அவளை விலக்கி, அமுக்குவதைத் தான் எடுத்துக்கொண்டாள். இன்னொருவர் சட்டையை வெட்டி, நெஞ்சில் இரண்டு தகடுகளை ஒட்டி மின்அதிர்ச்சி கொடுத்தார். பிறகும் அமுக்கினார்கள். திரும்பவும் கொடுத்தார்கள். அம்புலன்ஸ்காரர் மருந்தோடும் ஸ்ட்ரெச்சரோடும் வந்து சேர்ந்தபோது என் கணவரின் இதயம் திரும்பத் துடிக்கத் தொடங்கியிருந்தது.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால் முழுதாக வீட்டுக்கு வரவில்லை. தொழிற்சாலையில் பெரிய மெஷின்களைத் தனியாளாக ஓட்டியவர், இன்றைக்குச் சட்டைப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று யோசிப்பார். என் பெயர் சில நாள் உடனே வரும், சில நாள் வராது. மூளைக்கு ஒட்சிசன் போகாத நேரத்தின் வேலை என்றார் டொக்டர். கதவடியில் போன அந்த நேரத்தாலா என்று கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். என்னை இரவில் படுக்க விடாதது அந்தப் பதில்தான்.

பிறகு ஒருநாள் ரோல்சும் கட்லட்டும் செய்து எடுத்துக்கொண்டு மகளோடு அந்தத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அந்தப் பெண் இருந்தாள். இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். நன்றி சொல்லப் போன இடத்தில் இவள் இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. தீயணைப்புப் படிப்பு வேண்டும், அவசர வண்டி ஓட்டும் அனுமதிப்பத்திரம் வேண்டும், கண், காது, இதயம் எல்லாம் சோதிப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மாடிப்படி ஏற வேண்டும். தண்ணீர்க் குழாயையும் ஆள் பாரமுள்ள பொம்மையையும் இழுத்துக்காட்ட வேண்டும். முதலுதவிப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த நகரத்தில் நெருப்பைவிட, மூச்சு நின்றவர்கள், மயங்கி விழுந்தவர்களிடம்தான் அவர்கள் அதிகம் ஓடுகிறார்களாம். பக்கத்து நிலையத்திலிருந்து வருவதால் பல நேரம் அம்புலன்ஸுக்கு முன்னால் வந்துவிடுவார்களாம். அம்புலன்ஸில் வரும் பரா மெடிக்குகளின் படிப்பு வேறு, அது கல்லூரியில் மூன்று வருடம். எங்கள் ஆட்களின் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கணவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கோவிலில் நன்றித் திருப்பலி கொடுத்து வீட்டில் சாப்பாடு வைத்தோம். அத்தான் எல்லாருக்கும் நடுவில் இருந்து கதை சொன்னார். "எல்லாரும் கத்திக்கொண்டு நிண்டினம். நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவையளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்." பல்லைக் கடித்துக்கொண்டு சோறு போட்டேன். அப்போது யாரோ மகளிடம் அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். தீயணைப்பு என்றாள். அத்தான் சிரித்தார். "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வேலை என்னத்துக்கு?"

அகப்பையைச் சட்டிக்குள் போட்டேன்.

"அத்தான், அண்டைக்கு உங்கட தம்பிக்கு உயிர் குடுத்தது ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். நீங்கள் கதவைத் திறக்கேல்லை. மறிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

என் கணவர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் நல்லதுக்குத்தானே செய்தனான்," என்றார் அத்தான். சாப்பிடாமல் எழுந்து போனார்.

மூத்தவரைச் சபையில் வைத்து அப்படிக் கேட்டது பிழை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். வேணுமென்றா செய்தார், மன்னித்துவிடு என்கிறார்கள். கோவிலில் முழந்தாளில் நின்று முயன்றும் பார்த்தேன், முடியவில்லை. மகள் இப்போது படிப்பின் கடைசிப் பகுதியில் இருக்கிறாள். நாளைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீட்டிலும் ஒருவர் நல்லதுக்கென்று வாசலை மறித்துக்கொண்டு நிற்பார், அவரை அந்த இடத்திலேயே தள்ளிவிட அங்கே என்னைப் போல் கோபம் வந்த ஒருத்தி இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் செபம்.