துவக்கு நம்பருக்கு வெள்ளை வைத்தவன் நான்

கடற்கரை மணலில் மெஷின் நிற்காது, சாய்ந்துவிடும் என்று சிரித்தவர்களுக்கு முன்னால் நெல் ஆலை கட்டி ஓட்டினேன். இறக்காமத்தில் யானை படுத்துக் கிடந்த காட்டை வெட்டி வயலாக்கினேன். கல்முனையிலிருந்து பஸ் விட்டேன். பள்ளிவாசலுக்குத் தொழ வருபவர்கள் கை கால் கழுவ ஹவுளும் கட்டிக் கொடுத்தேன். எல்லாம் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தவை. இவற்றில் ஒன்றைக்கூட எவனாலும் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாத காலத்தில் நான் செய்த ஒரு சின்ன வேலையை, துப்பாக்கி நம்பருக்குப் பெயின்ட் வைத்த வேலையை, என் சகலன் எடுத்துக்கொண்டான்.

அவன் இறந்துபோனான். போன மாதம் அவனுக்குக் கத்தம் ஓதினார்கள். சாப்பாட்டு வேளையில் அவனுடைய மூத்த மகன் சபைக்குச் சொல்கிறான், இந்தக் கரையில் துவக்கு நம்பருக்கு முதன்முதல் வெள்ளைப் பெயின்ட் வைத்தது எங்கள் வாப்பாதான் என்று. நான் அவனுக்கு நேரே இருந்தேன். மவுத்தானவனுக்கு ஓதிய வீடு என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மரியாதை அன்றோடு முடிந்தது.

நடந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி, எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்குப் போய் இருந்தேன். மாமா இறக்காமத்தில் வயல் வைத்திருந்த போடியார். மூத்த மருமகனான சகலனுக்குக் கடைத்தெருவில் ஆணி, பெயின்ட் விற்கும் கடை இருந்தது. நான் தோணிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். சாப்பாட்டுப் பாயில் மாமாவுக்குப் பக்கத்தில் அவன் இருப்பான். எனக்கு ஓரத்தில் இடம்.

தோணி வேலை இல்லாத நாட்களில் பொழுதுபோக்காக ஒரு வேலை செய்வேன். தெரிந்தவர்களின் துவக்குகளில் வெட்டியிருக்கும் எழுத்துக்கும் நம்பருக்கும் வெள்ளை ஏற்றுவேன். சும்மா பூசிவிட்டால் நிற்காது. வெட்டுக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கும். பெட்ரோல் தொட்டுப் பழைய பிரஷால் தேய்த்து அதை எடுக்க வேண்டும். பிறகு நெருப்புக் குச்சி முனையால் பெயின்ட்டை உள்ளே இறக்கி, கொஞ்சம் இறுகவிட்டு, தடித்த காகித மட்டையின் விளிம்பால் குறுக்கே ஒரே இழுப்பு. மேலே இருப்பது போய்விடும், வெட்டுக்குள் இருப்பது அப்படியே நிற்கும். துணியால் துடைத்தால் உள்ளே இருப்பதும் துணியோடு வந்துவிடும். இதை எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்து நானே பிடித்தேன்.

வருடா வருடம் லைசன் புதுப்பிக்கத் துவக்குகளை அரசாங்கக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மாமாவின் இரட்டைக் குழல் துவக்கில் நம்பர் தெரியவில்லை என்று முந்தின வருடம் கந்தோர் ஐயா ஏசி அனுப்பியிருந்தார். வயலில் கதிர் வரும் காலத்தில் துவக்கு இல்லாவிட்டால் யானைக்கு விருந்துதான். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன துவக்கு அது. மாமாவிடம் கேட்டு வாங்கினேன். வெள்ளைப் பெயின்ட் டின் சகலனின் கடையிலிருந்து வந்தது. அவன் பங்கு அந்த டின் மட்டும்தான்.

நம்பர் பளிச்சென்று வந்தது. துவக்கின் பக்கத் தகட்டில் அழுக்குக்குள் ஏதோ ஒரு மிருகமும் வெட்டியிருந்தது. பெருவிரல் அளவு, பாதி தேய்ந்தது. யானைக்கு வைத்திருக்கும் துவக்குத்தானே, தும்பிக்கை தேய்ந்துபோன யானைக்குட்டி என்று நினைத்தேன். மாமா சந்தோஷப்படட்டும் என்று அதற்குத் தோணி வேலையில் மிஞ்சிய தங்க நிறம் வைத்து, சாக்கில் சுற்றிக் கொடுத்தேன்.

மாமாவோடு நாங்கள் இரண்டு மருமகன்மாரும் போனோம். கந்தோர் வாசலில் போடிமார் துவக்கோடு வரிசையில் நின்றார்கள். ஐயா கண்ணாடி போடாமலே மாமாவின் துவக்கு நம்பரை வாசித்தார். வரிசைக்கே கேட்க, எல்லாரும் இப்படிச் செய்துகொண்டு வாருங்கள் என்றார். யார் செய்தது என்றும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சகலன் முந்திக்கொண்டான்.

"நாந்தான் சேர். நம்மட கடைப் பெயின்ட்."

மாமா அவனுடைய தோளில் கை வைத்தார். ஐயா துவக்கைத் திருப்பிப் பார்த்து, காட்டுப்பன்றியை நன்றாக வெட்டியிருக்கிறான் என்றார். வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. பின்னால் நின்ற வரிப்பத்தான்சேனைக் கிழவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்:

"போடியார் இத்தின வருசமாப் பண்டியத் தோள்ல சுமந்துதான் திரிஞ்சிரிக்கார். நகையும் போட்டிரிக்காரு."

சிரிப்பில் மாமாவின் முகம் கறுத்துவிட்டது. ஆருடா இதைச் செய்தது என்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நம்பர்தான் மாமா நான் வெச்ச. பண்டி அவன்ட வேல" என்றான் சகலன்.

"ரெண்டும் நான்தான் மாமா" என்றேன்.

"நீ கதையாத" என்றார் மாமா. அவ்வளவுதான். அந்த இடத்திலேயே என்னைக் குந்தவைத்துத் தங்கத்தைச் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன்.

அதற்குப் பிறகு போடிமார் துவக்குகளை அவன் கடைக்குக் கொண்டுபோனார்கள். அவன் பூசித் துணியால் துடைத்தான். எல்லாம் துணியோடு வந்தது. இந்த டின் சரியில்லை, அடுத்த டின் வரட்டும் என்று சொல்லிச் சொல்லியே அனுப்பினான். கடைசியில் என்னிடம் வந்து, மச்சான், நீ செய்து தா, கடைப் பேரில் கொடுப்போம் என்றான். முடியாது என்றேன். நம்பர் வைத்தது நீதானே, மற்றதையும் நீயே வை என்றேன். அவன் போய்விட்டான். மாமா மவுத்தாகும் வரைக்கும் அவருக்கு நான் பன்றிக்குப் பெயின்ட் அடித்த மருமகன்தான்.

பன்றி என் வேலை. ஒருநாளும் நான் மறுக்கவில்லை, ஊரும் மறக்கவில்லை. அப்படியென்றால் நம்பரும் என் வேலைதான். ஒரே துவக்கு, ஒரே நாள், ஒரே கை.

சகலனின் மகன்மாருக்குச் சொல்கிறேன். அடுத்த கத்தத்துக்கும் நான் வருவேன். அதே சபையில், அதே ஆட்களுக்கு முன்னால், துவக்கு நம்பருக்கு வெள்ளை வைத்தது எங்கள் சாச்சா, வாப்பா கொடுத்தது டின் மட்டும்தான் என்று மூத்தவன் எழும்பிச் சொல்ல வேண்டும். என் காதில் விழச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் வீட்டுச் சோற்றில் கை வைப்பேன்.