தப்பான வயசு

அறுபதுகளில் செஞ்சிக்கோட்டை எதிரே நான் டீக்கடை வைத்திருந்தேன். கல் ஆராய்ச்சிக்கு ஒரு ஒல்லியான மனிதர் வருவார். என்னிடம் தண்ணீர் வாங்கிச் சுத்தியலைக் கழுவிவிட்டுத்தான் மலைக்கல்லை உடைப்பார். கல்லை இடித்து, சிர்கான் என்ற பொடி மணிகளைப் பிரித்து, அதில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகிவிட்டது என்று அளந்தால் மலையின் வயசு தெரியுமாம். ஒருமுறை வயசைச் சொல்லிவிட்டுப் போனார். மறுவருஷம் தலைகுனிந்தபடி வந்தார்.

"நான் சொன்ன வயசு தப்புங்க. வேற ஊர்க் கல்லை இடிச்ச உரல்லயே இதையும் இடிச்சிட்டேன். அந்த மணியும் கலந்துடுச்சு."

"அதுக்கு இன்னா சார், டீ சாப்டுங்க."

"யார் யார்கிட்ட சொன்னீங்க?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்ன வயசே எனக்கு நினைவில்லை. "யார்கிட்டயும் சொல்லல சார்" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நேராகப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.